கோய் குளம்: தோண்டிய பிறகு திருத்த முடியாத தவறுகள்

கடையில் விரல் நீளத்தில் பார்க்கும் கோய் மீன், நன்றாக வளர்ந்தால் 60 செ.மீ.யைத் தொடும். வளர்ந்த மீன் ஒன்றுக்குக் குறைந்தது 1,000 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். மொத்தக் கொள்ளளவு 5,000 லிட்டருக்குக் கீழே போக வேண்டாம். ஆழம் 1.2 மீட்டராவது வேண்டும். பக்கச் சுவர்கள் நேராக இறங்கட்டும். செடி வைக்கப் படி வெட்டினால் கொக்கு நிற்க இடம் கிடைத்துவிடும். இவ்வளவு ஆழம் என்றால், குழந்தைகள் வரும் வீட்டில் வேலி கட்டாயம்.

குழிக்குள் விரிக்கும் நீர்புகாத விரிப்பான லைனரின் அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 7,800 லிட்டர் பிடிக்கும். நீளத்தோடு ஆழத்தை இரண்டு முறை கூட்டி, கரைக்கு இருபுறமும் 30 செ.மீ. விட்டால் 6.2 மீட்டர், அகலத்துக்கும் அப்படியே செய்தால் 5.2 மீட்டர். சுற்றியுள்ள தரையைவிடக் கரை 10 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழையில் தோட்டத்து உரமும் பூச்சிமருந்தும் நேரே உள்ளே வந்துவிடும்.

பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவே கூடாதது, குளத்தின் அடித்தரையில் வைக்கும் வடிகால். 4 அங்குலக் குழாயை லைனருக்கு அடியில் பதித்து, தரையை நாலாபுறமும் வடிகாலை நோக்கிச் சரித்து விடுங்கள். இரண்டு வடிகாலை ஒரே குழாயில் சேர்க்காதீர்கள்; தண்ணீர் சுலபமான வழியில் ஓடும், மற்றதில் கழிவு தேங்கி அடைக்கும். லைனரை விரித்து, வடிகாலின் இறுக்கு வளையத்துக்கு அடியில் சீலன்ட் தடவி, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். நடு ஓட்டையைக் கத்தியால் வெட்டுவது கடைசி வேலை. முதலில் வெட்டினால் லைனர் ஒரு விரல் நகர்ந்தாலும் போச்சு.

வடிகால் தண்ணீர் முதலில் கழிவு படியும் தொட்டிக்குப் போகட்டும், பம்ப் அதற்கு அப்புறம். முன்னால் வைத்தால் மிக்ஸியில் போட்டதுபோலக் கழிவு தூளாகி எந்த ஃபில்டரிலும் நிற்காது. தொட்டியும் குளமும் ஒரே நீர்மட்டத்தில் இருந்தால்தான் இந்த அமைப்பு வேலை செய்யும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை முழுத் தண்ணீரும் சுற்றி வர வேண்டும். மேலே சொன்ன குளத்துக்கு மணிக்கு 3,900 லிட்டர். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், உங்கள் குளத்தில் தண்ணீர் ஏற வேண்டிய உயரத்துக்கு எவ்வளவு தள்ளும் என்று பாருங்கள். மின் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லாமல் பம்பைத் தண்ணீரில் இறக்காதீர்கள். அடியில் கூழாங்கல் பரப்பும் ஆசையை விட்டுவிடுங்கள், அழுக்கு தங்குவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

முதன்முறை நிரப்பும்போது தண்ணீர் மீட்டர் வைத்து லிட்டரைக் குறித்து வையுங்கள். பின்னாளில் மருந்தளவெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கும் மருந்தைச் சேர்க்க வேண்டும். குளோரமின் கலந்த தண்ணீரை வெறுமனே ஆறவைத்தால் அது போகாது.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று முதல் வாரமே பத்து மீன் விட்டால் பெரும்பாலும் அவை சாகும். அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற 4 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை இரண்டு சிறிய மீன், குறைந்த தீனி, தினமும் சோதனை. அம்மோனியா ஏறினால் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். நைட்ரைட் ஏறினால் 1,000 லிட்டருக்கு 1 கிலோ என்று வேறெதுவும் கலக்காத உப்பை வாளியில் கரைத்து ஊற்றலாம். ஆனால் ஃபில்டரில் அம்மோனியாவை உறிஞ்சும் ஜியோலைட் கல் இருந்தால் முதலில் வெளியே எடுங்கள், உப்பு பட்டதும் பிடித்து வைத்த அம்மோனியாவை அது திரும்பக் கக்கிவிடும். ஃபில்டர் பஞ்சைக் குளத்துத் தண்ணீரிலேயே அலசுங்கள். காற்று பம்ப் இரவிலும் ஓட வேண்டும்.

அம்மோனியா, நைட்ரைட் இரண்டு அளவும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகு அடுத்த மீனை வாங்கலாம். அதையும் சில வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குளத்தில் விட வேண்டும். கோய் ஹெர்பிஸ் வைரஸுக்கு மருந்து கிடையாது.