ஆறாங்கட்டை எத்தனை டிகிரியில் இருக்கிறது?

"ஆறாங்கட்டை, மாரியம்மன் கோயிலுக்கு எதிர் லயம், கடைசி வீடு." ஆறாங்கட்டை என்றால் ஆறாம் மைல்கல்; லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். எங்கள் வட்டாரத்தில் பிறந்தவருக்கு இவ்வளவு போதும். மோட்டாரைக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டு நேரே நடந்துபோய்க் கதவைத் தட்டிவிடுவார். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மாதம் ஒருமுறை அரிசி பருப்பு கொண்டுபோய்க் கொடுக்கும் சிறு குழு எங்களுடையது. வேன் ஓட்ட வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இந்த முகவரி பிடிபடவில்லை. போனில் தட்டினால், வரைபடம் பட்டணத்தின் நடுவில் ஒரு புள்ளியைக் காட்டியது. பாட்டியோ அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, செம்பனை என்னும் எண்ணெய்ப்பனைக் காட்டுக்குள் காத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகுதான் முகவரியை வாங்கிப் புள்ளியைத் தரும் இணையச் சேவை ஒன்றை நாங்களே எழுதத் தொடங்கினோம். இந்த வேலைக்கு ஜியோகோடிங் என்று பெயர். உள்ளே போவது சொற்கள்; வெளியே வருவது இரண்டு எண்கள், அட்சரேகையும் தீர்க்கரேகையும். மலேசியாவில் உள்ள எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயா ஏறத்தாழ வடக்கே 3.38, கிழக்கே 101.42 டிகிரியில் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இரண்டு திசையிலும் ஒரு டிகிரி என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆகவே தசமத்தின் மூன்றாம் இடத்தில் ஓர் எண் மாறினால் 111 மீட்டர் தள்ளிப் போய்விடுவோம். ஐந்தாம் இடம் வரை எழுதினால் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுக்கு வந்துவிடும்.

சேவையின் வெளிப்புறம் எளிமையானது. ஒரு யூஆர்எல்லில், அதாவது இணைய இணைப்பில், முகவரி வருகிறது; ஜேசன் என்ற தரவு வடிவில் பதில் போகிறது. கூடவே ஒரு நிலை எண்ணும் போகும்: கிடைத்தால் 200, கேள்வியே தவறென்றால் 400, அளவுக்கு மீறிக் கேட்டால் 429. பலர் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத் தரவின் மேல் இயங்கும் நோமினாட்டிம் என்ற ஜியோகோடிங் நிரலின் பொதுச் சேவையை விநாடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது என்பது விதி. சிறிய சேவைக்கும் அப்படி ஒரு வரம்பு வேண்டும். முகவரி என்பது ஒருவருடைய அந்தரங்கம் என்பதால், வந்த கேள்விகளைப் பதிவேட்டில் அப்படியே சேர்த்துவைக்கவும் கூடாது. கடினமான வேலையெல்லாம் உள்ளே இருக்கிறது.

முதலில் எழுத்தைச் சீராக்க வேண்டும். "தோட்டம்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். எழுத்துகளுக்குக் குறியெண் கொடுக்கும் யூனிகோடில் "தோ"வின் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாக எழுதலாம். ஏகாரக் குறி, கால் என்று இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் கணினிக்கு ஒன்று ஏழு குறியெண் கொண்ட சொல், மற்றது எட்டு கொண்ட சொல். இரண்டும் வேறு வேறு. தேடினால் "இல்லை" என்று பதில் வரும். காரணம் கண்ணுக்குத் தெரியாததால் நாங்கள் இரண்டு இரவுகள் இதில் மாட்டிக்கொண்டோம். வருகிற எழுத்தையும் சேமித்த எழுத்தையும் யூனிகோடின் என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றியபின் சரியானது. தமிழில் தேடல் எழுதுகிற எவரும் முதல் நாளே செய்ய வேண்டிய காரியம் இது.

அடுத்து "பத்து". மலாயில் கல்லுக்குச் சொல்லும் பெயரை நாம் "பத்து" என்றுதான் எழுதுகிறோம்: பத்துமலை, பத்து ஆராங். "இரண்டாவது லயம்" என்பதை 2 ஆக்க, எண்ணுப்பெயர்களை இலக்கமாக்கும் ஒரு விதி எழுதியிருந்தேன். அது பத்துமலையை "10 மலை" ஆக்கிவிட்டது. ரோமன் எழுத்தில் எழுதினாலும் சிக்கல் உண்டு: "Bt" என்ற இரண்டெழுத்துச் சுருக்கம் சில முகவரிகளில் பத்துவைக் குறிக்கிறது, சிலவற்றில் குன்று என்று பொருள்படும் புக்கிட்டை. அந்த இடத்தில் கணினி ஒன்றை முடிவு செய்யக் கூடாது. இரண்டு வாசிப்பையும் கையில் வைத்துக்கொண்டு, மீதி முகவரியோடு எது பொருந்துகிறதென்று பார்க்க வேண்டும். பக்கத்தில் எங்கள் ஊரின் 45600 என்ற அஞ்சல் எண் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பிறகு பெயரைப் பொருத்துவது. எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்ரி ஃபோகொனியே மலேசியாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். செம்பனைக்குப் பேர்போன இடத்துக்குத் தென்னையின் பெயர்! அதைத் தென்னைமரம் தோட்டம், தென்னமரம் எஸ்டேட், லாடாங் தென்னமரம் என்று பலவாறாக எழுதுவார்கள். தோட்டம், எஸ்டேட், லாடாங் மூன்றும் ஒன்றே என்று ஒரு பட்டியல் சொல்லிவிடும். எழுத்து வேறுபாட்டுக்கு சோவியத் கணிதவியலாளர் லெவன்ஷ்டைன் 1965இல் தந்த அளவை உதவுகிறது: ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை குறிகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. தென்னமரம், தென்னைமரம் இரண்டுக்கும் இடையே ஒரே ஓர் ஐகாரக் குறிதான். தூரம் 1. பொருத்தலாம்.

ஆனால் மைல்கல்லைக் குறிக்கும் "பத்து 3", "பத்து 8" இரண்டுக்கும் இடையிலும் தூரம் 1தான். சாலையில் அது ஐந்து மைல். ஆகவே எழுத்தில் தாராளமாக இருக்கலாம், இலக்கத்தில் இருக்கவே கூடாது.

ஐந்து மைல் என்றதும் கட்டைக் கணக்கு வந்துவிடுகிறது. கட்டை என்பது சாலையோர மைல்கல். மைல் போய்க் கிலோமீட்டர் வந்து எவ்வளவோ காலமாகியும் முகவரியில் கட்டை நிற்கிறது. ஆறாங்கட்டையைக் கண்டுபிடிக்கச் சாலையின் கோட்டை எடுத்து, தொடக்கப் புள்ளியிலிருந்து அதன் வளைவு நெளிவோடு 9.66 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆறு கிலோமீட்டர் என்று எண்ணினால் மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பிசகும். தொடக்கம் எது? "போஸ்டாபீஸ்லேருந்து எண்ணுவாங்க தம்பி, எங்க ரோட்டுல மட்டும் பாலத்துலேருந்து" என்றார் ரப்பர் பால் வெட்டி ஓய்ந்த ஒரு பெரியவர். எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாத செய்தி அது. அவர் சொன்னபடியே சாலைவாரியாகத் தொடக்கப் புள்ளியைக் குறித்துவைத்தோம்.

தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வேறு வழி. அமெரிக்கக் குடிமதிப்புத் துறை 1970 கணக்கெடுப்புக்காகத் தெருவின் இரு முனை வீட்டெண்களை மட்டும் சேமித்தது. அவை இருந்தால் நடுவில் உள்ளதைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு பக்கம் 1 முதல் 99 வரை ஒற்றை எண்கள் என்றால், 25ஆம் எண் தெருவின் நீளத்தில் 24/98, அதாவது கால் பங்கில் இருக்கும். நம் நாட்டில் 4க்குப் பதில் 3ஏ என்று எழுதும் வீடுகள் உண்டு. அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். லயத்துக்கு இந்த வழி உதவாது. பல தோட்டங்களில் எல்லா வீட்டுக்கும் தபால் முகவரி தோட்டத்து ஆபீஸ்தான். தோட்டத்தின் எல்லையை வரைந்து நடுப்புள்ளியைத் தரலாமே என்றால், 1000 ஹெக்டேர் தோட்டம் சரியான வட்டமாக இருந்தாலும் விளிம்பு நடுவிலிருந்து 1.8 கிலோமீட்டர். நடுப்புள்ளியில் வீடே இராது, மரங்கள்தான்.

இதனால் ஒவ்வொரு பதிலோடும் அது எந்த அளவுக்குத் துல்லியம் என்பதையும் அனுப்புகிறோம்: வீடு, லயம், கட்டை, தோட்டம், பட்டணம். எண்கள் ஐந்து தசமத்தில் வந்தாலும், "இது தோட்டத்தின் நடு மட்டுமே" என்று தெரிந்தால் வேன்காரர் கோயிலருகே நின்று யாரையாவது கேட்பார். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டும் புள்ளியைவிட ஆபத்தானது ஜியோகோடிங்கில் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இனிச் சோதனை. எழுதியதைவிட அதிக நாள் இதற்கே ஆனது. உண்மை எது என்று தெரியாமல் பிழையை அளக்க முடியாது, அதனால் நாங்களே நடந்தோம். திறந்தவெளியில் போனின் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியம் தரும். முதிர்ந்த செம்பனையின் மட்டைகளுக்குக் கீழே அலையும். வாசலில், வானம் தெரியும் இடத்தில், ஒரு நிமிடம் அசையாமல் நின்று குறித்துக்கொண்டோம். ஒரு வீட்டில் பாட்டி, "ஏம்ப்பா வெயில்ல நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்.

அந்த முகவரிகளைச் சேவையிடம் கேட்டு, வந்த புள்ளிக்கும் நடந்து குறித்த புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். சராசரியை நம்பக் கூடாது. பத்து முகவரிகளில் ஒன்பது 20 மீட்டர் பிசகி, ஒன்று 40 கிலோமீட்டர் பிசகினால் சராசரி நான்கு கிலோமீட்டர். பிழைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் நடுமதிப்போ 20 மீட்டர். முதல் எண் ஒன்பது வீட்டாருக்கு அநியாயம் செய்கிறது, இரண்டாவது எண் பத்தாவது வீட்டாரை மறைத்துவிடுகிறது. நடுமதிப்பையும், மிக மோசமான பிழைகளின் பட்டியலையும் சேர்த்தே பார்க்கிறோம். விதிகளை எழுதும்போது பார்த்த முகவரிகளைச் சோதனைக்குப் பயன்படுத்துவதில்லை. அதற்குத் தனிப் பட்டியல்.

சில சோதனைகள் தூரம் பற்றியவை அல்ல. இல்லாத தெருவைக் கேட்டால் "இல்லை" என்று வர வேண்டும். பட்டணத்து நடுப்புள்ளி வரக் கூடாது. வெற்றுப் பதிலுக்கு 0, 0 அனுப்பினால் வேன் கினி வளைகுடாக் கடலுக்குப் புறப்பட்டுவிடும். சில வடிவங்களில் தீர்க்கரேகை முதலில் வரும். இடத்தரவுக்கான ஜேசன் வடிவமான ஜியோஜேசனுக்கு 2016இல் வந்த தரம் அப்படித்தான். வரிசை மாறினால் ஐரோப்பாவில் பிழை ஒளிந்துகொள்ளும், நம் ஊரில் உடனே பிடிபடும்: 101 டிகிரி அட்சரேகை பூமியில் கிடையாது, 90தான் எல்லை.

பெயர் மாற்றத்துக்கும் சோதனை உண்டு. எங்கள் ஊர் 2007இல்தான் பெஸ்தாரி ஜெயா ஆனது. பெரியவர்களுக்கு இன்றும் பத்தாங் பெர்சுந்தை. தரவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய பெயரும் அதே இடத்தில் விழுகிறதா என்று நிரல் தானாகவே பார்க்கிறது.

பெயர் மட்டும் மிஞ்சிய இடங்களும் இருக்கின்றன. சென்ற மாதம் ஒரு பெரியவர், தான் பிறந்த லயத்தைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். லயம் இடிக்கப்பட்டு அங்கே இப்போது இளம் செம்பனை. காலையில் தொழிலாளர்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் இருந்த இடத்தைக் கைத்தடியால் காட்டி, தன் வீட்டு வாசலில் நின்ற வேப்பமரத்தடிக்கு என்னைக் கூட்டிப் போனார். ஒரு நிமிடம் நின்று குறித்துக்கொண்டேன். "வகை" என்ற இடத்தில் "முன்பிருந்த லயம்" என்று எழுதினேன். அன்று மாலை அவரே போனை வாங்கி அந்தப் பெயரைத் தமிழில் தட்டினார். புள்ளி வேப்பமரத்தின் மேல் விழுந்தது.