முள் விலகினால் முதலில் சட்டைப் பையைப் பாருங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளராக அரூர், பாலக்கோடு பக்கம் போகும்போதெல்லாம் ஒன்று கண்ணில் படும். டேஞ்சன்ட் கால்வனோமீட்டர் (கம்பிச்சுருளில் மின்னோட்டம் விட்டு, நடுவிலுள்ள காந்த முள் விலகும் கோணத்தைப் படிக்கும் கருவி) சோதனை செய்த அத்தனை பிள்ளைகளுக்கும் புவிக் காந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறு இரண்டாம் தசமம் வரை பிசகாமல் ஒன்றாகவே வந்திருக்கும். ஒரு மேசையருகே இரும்பு ஸ்டூல் கிடக்கும், இன்னொன்றில் கிடக்காது. விடை மட்டும் மாறாது! விடையை முதலில் வைத்துக்கொண்டு, விலகல் கோணங்களைப் பின்னாலிருந்து நிரப்பியிருக்கிறார்கள் என்று புரிந்துவிடும். இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 'சரியான' விடைக்கு மதிப்பெண் போடுவது நாம்தானே.

புவிப்புலம் முழுக்கக் கிடையாக இருக்கும் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போவதால், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் புவிப்புலம் பெரும்பாலும் கிடையாகவே இருக்கிறது. கிடைத்தளக் கூறு சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. 8 செ.மீ. ஆரமும் 5 சுற்றுகளும் உள்ள சுருளில் 1 ஆம்பியர் விட்டால் முள் கிட்டத்தட்ட 45 டிகிரிக்குப் போகவேண்டும். போகவில்லையா? ரெக்கார்டு நோட்டைத் திருத்தாமல் சுற்றிலும் பாருங்கள்.

பெரும்பாலும் குற்றவாளி செல்போன்தான். அதன் ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. மூடும் கவரில் இன்னொன்று. சட்டைப் பையில் போனோடு ஒரு மாணவர் முள்ளைப் படிக்கக் குனிவார். குனியக் குனிய முள்ளும் நகரும். நிமிர்ந்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். அவருக்கோ கருவி கெட்டுப்போச்சு என்று தோன்றும்.

அடுத்தது மேசை. நம் மாவட்டங்களில் வெட்டியெடுக்கும் கறுப்பு கிரானைட் பெரும்பாலும் டோலரைட் பாறை. அதில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது துகள் துகளாகக் கலந்திருக்கும். ஆய்வக மேசையில் அந்தப் பலகை இருந்தால், சின்னத் திசைகாட்டி ஒன்றை அதன்மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். முள் தடுமாறும் இடத்தில் சுருளை வைக்காதீர்கள். மேசைக்கு அடியில் இரும்புச் சட்டம் இருந்தாலும் இதே கதைதான்.

சுருளில் மின்னோட்டத்தின் திசையை மாற்றும் திசைமாற்றியைத் திருப்பிச் சராசரி எடுத்தால் எல்லாப் பிழையும் போய்விடும் என்றுதான் சொல்லித் தருகிறோம். சுருளைக் காந்தத் துருவத் தளத்தில் (திசைகாட்டி முள் காட்டும் வடக்கு-தெற்குத் தளத்தில்) கொஞ்சம் தப்பாக நிறுத்திய பிழை பெருமளவு போகும். இரும்பு அங்கேயே கிடந்தால், பூமியின் புலத்தோடு அதன் புலமும் சேர்ந்த மொத்தத்தைத்தான் அளக்கிறோம். எத்தனை முறை திருப்பினாலும் அது போகாது.

கல்லூரி ஆய்வகத்தில் ஹால் முனை (காந்தப்புலத்தை உணரும் தட்டையான முனை) வைத்து அளப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காந்தத்திலிருந்து தள்ளி வைத்து முதலில் சுழியம் செய்யுங்கள். முனையின் தட்டைப் பக்கம் புலத்துக்குச் செங்குத்தாக இருக்கவேண்டும். 60 டிகிரி சாய்ந்தால் பாதிதான் காட்டும். மெல்லத் திருப்பி, உச்ச அளவு வரும் நிலையில் படியுங்கள்.

மின்காந்தத்தை அணைக்கும்போது மின்னோட்டத்தைச் சுழியத்துக்கு இறக்கிய பிறகே சுவிட்சைத் தொடுங்கள். பெரிய சுருளில் மின்னோட்டம் சட்டென்று அறுந்தால் உயர் மின்னழுத்தம் கிளம்பும். அப்புறம், அதை இயக்கும் முன் அறையில் இருப்பவர்களிடம், ஆய்வக உதவியாளர் உட்பட, யாருக்காவது பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை 0.5 மில்லி டெஸ்லா. மின்காந்தத்தின் துருவங்களுக்கு நடுவே 1 டெஸ்லாகூட வரும்.