இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

எனக்கு வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் படம் ஒன்று உண்டு. தக்காளிச் செடியின் ஒற்றை இலை, அதுவும் மேல்பக்கம் மட்டும். அதில் நாலைந்து பழுப்புப் புள்ளிகள். கீழே ஒரே ஒரு வரி: "சார், என்ன மருந்து அடிக்கணும்?"

என்ன நோய் என்று கேட்பவர்கள் குறைவு. பயிர் நோயியல் படித்துவிட்டு, இப்போது மாடித் தோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லி வரும் எனக்கு இது பெரிய கவலை. புள்ளி என்பது நோயின் பெயர் அல்ல. நமக்குக் காய்ச்சல் வருவது போல, செடி காட்டும் ஓர் அறிகுறி. பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ், சிலந்திப்பேன், உரக்குறை, உப்புத் தண்ணீர், வெயில், நாம் தெளித்த மருந்து என எதுவும் அதற்குக் காரணமாக இருக்கலாம். பூஞ்சைக்கான மருந்து சிலந்திப்பேனை ஒன்றும் செய்யாது. பூச்சி மருந்து பாக்டீரியாவைத் தொடாது. ஆனால் இரண்டுமே நாம் சட்னி அரைக்கும் தக்காளியின் மேல் படியும்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் என்னை அழைத்தார். ஆறு குரோ பேக்கில், அதாவது செடி வளர்க்கும் பையில், தக்காளி, பக்கத்தில் கத்திரியும் அவரையும். மூன்று வாரமாக மருந்து அடித்தும் புள்ளி கூடிக்கொண்டே போகிறது என்றார். நேரில் போய்ப் பார்த்தேன். தக்காளியில் மட்டுமல்ல, கத்திரியிலும் அவரையிலும் அதே மாதிரி வெளுத்த, காகிதம் போலக் காய்ந்த திட்டுகள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தக்காளிக்கு வரும் நோய் அதே வாரத்தில் அவரைக்கும் அதே உருவில் வருவது அபூர்வம். சம்பந்தமில்லாத செடிகள் எல்லாம் ஒரே மாதிரி பாதிக்கப்பட்டிருந்தால், முதலில் நம் கையைத்தான் பார்க்க வேண்டும்.

"எத்தனை மணிக்கும்மா தெளிப்பீங்க?"

"சமையல் முடிச்சுட்டு வருவேன் தம்பி, பதினோரு மணி ஆயிடும்."

வேப்பெண்ணெயோடு துணி துவைக்கும் சோப்புத்தூளைக் கலந்து உச்சி வெயிலில் அடித்திருக்கிறார். எண்ணெயும் சோப்பும் இலையைப் பொசுக்கியிருந்தன. திட்டுகள் பெருகப் பெருக அவர் தெளிப்பைக் கூட்டியிருக்கிறார். நோய் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. தெளிப்பதை நிறுத்தச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஆகவே எந்தப் புள்ளியைக் கண்டாலும் முதல் கேள்வி, இது உயிருள்ள ஒன்றால் வந்ததா, இல்லையா என்பதுதான். உயிருள்ளது பரவும். ஒரு இலையில் தொடங்கி அடுத்த இலை, அடுத்த செடி என்று நாளுக்கு நாள் ஏறும். வெயிலோ மருந்தோ உண்டாக்கிய காயம், மறுபடி தெளிக்காத வரை, ஒரே நாளில் தோன்றி அப்படியே நின்றுவிடும். புள்ளி உள்ள ஓர் இலையின் காம்பில் ஒரு வண்ண நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். மூன்று நாள், தினமும் காலையில் அதே இலையைப் படம் எடுங்கள். வளர்கிறதா, நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். இந்த மூன்று நாள் பொறுமையால் செடி செத்துவிடாது.

அடுத்தது, புள்ளி செடியின் எந்தப் பகுதியில் தொடங்கியது என்பது. அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு நடுவே மஞ்சளித்தால் பெரும்பாலும் மெக்னீசியம் குறைவு. அதே மஞ்சள் நுனிக் குருத்தில் வந்தால் இரும்புச்சத்து. சுண்ணாம்பு கூடிய போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடிவதில்லை. அடி இலைகளின் ஓரம் மட்டும் கருகினால் சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைவோ, உப்புச் சேர்ந்ததோ காரணமாக இருக்கும். சரியாகக் கழுவாத கோகோபீட்டில் (தென்னை நார்க்கழிவில்) உப்பு நிறைய இருக்கும். பையின் ஓரத்தில் வெள்ளைப் படிவு தெரிந்தால் அதுதான் விடை.

இனி தக்காளி. நம் வீட்டுத் தோட்டங்களில் மூன்று புள்ளிகளைத்தான் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், இரவெல்லாம் இலை ஈரமாக இருக்கும்போது, மூன்றுமே வரும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து டப்பாவுக்குக் கொடுக்கும் காசை விட அது நல்ல முதலீடு.

பழுப்புப் புள்ளிக்குள் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிவது போல வளையத்துக்குள் வளையம் இருந்தால், அது ஆல்டர்னேரியா பூஞ்சை உண்டாக்கும் இலைக்கருகல். மண்ணை ஒட்டிய முதிர்ந்த இலையில் தொடங்கி மேலே ஏறும். புள்ளியைச் சுற்றி மஞ்சள் படரும். மழைத்துளியும் குழாய்த் தண்ணீரும் தெறிக்கும்போது மண்ணிலிருந்து இலைக்கு வரும்.

புள்ளி மிகச் சிறியதாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில், நடு சாம்பலாகவும் ஓரம் கருத்தும் இருந்தால் லென்ஸை வையுங்கள். சாம்பல் பகுதியில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்பொடிகள் தெரிகின்றனவா? அவை செப்டோரியா பூஞ்சையின் வித்துப் பைகள். முதல் முறை பார்க்கும் எவரும் வியந்துபோவார்கள். வெறும் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிந்தது லென்ஸில் ஒரு குடியிருப்பாகத் தெரியும்.

வளையமும் இல்லை, கரும்பொடியும் இல்லை, எண்ணெய் பட்டது போலக் கருத்த சிறு புள்ளிகள், காயிலும் சொரசொரப்பான வடு என்றால் பாக்டீரியாப் புள்ளி. இளம் புள்ளி உள்ள இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீர் ஊறியது போலத் தெரியும். மிளகாயில் இதே நோய் வந்தால் இலைகள் பொலபொலவென்று உதிரும். இது பெரும்பாலும் விதையோடு வருவது. தக்காளி விதையை 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 25 நிமிடம் வைத்து, ஆறவிட்டு விதைப்பது பழைய, நல்ல வழி. வெப்பமானி இல்லாமல் மட்டும் செய்யாதீர்கள், விதை வெந்துவிடும்.

சந்தேகம் தீராவிட்டால் இலையைப் பறித்து, நனைத்துப் பிழிந்த டிஷ்யூ காகிதத்தோடு ஜிப் பையில் போட்டு நிழலில் இரண்டு நாள் வையுங்கள். பூஞ்சை என்றால் புள்ளியின் மேல் பெரும்பாலும் கருத்த அல்லது சாம்பல் நிறப் பூம்பொடி எழும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். இலங்கையில் 1869-ல் காப்பி இலைகளில் ஒரு புள்ளி காணப்பட்டது. மேலே வெறும் மஞ்சள் திட்டு. திருப்பினால் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி. 1880-ல் அதை ஆராய வந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் மார்ஷல் வார்டு, அது பூஞ்சைதான், காற்றில் பரவுகிறது என்று காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. காப்பி போய்த் தேயிலை வந்தது. காப்பித் தோட்டங்களில் உழைக்க இங்கிருந்து கடல் கடந்து போன நம் மக்களின் பிழைப்பும் அதோடு மாறியது. அத்தனைக்கும் காரணமான அந்த ஆரஞ்சுப் பொடி, அதாவது துரு நோய், இலையின் அடிப்பக்கத்தில்தான் இருந்தது.

கோடையில் வெண்டை, கத்திரி இலைகளில் ஊசி குத்தியது போல வெளிறிய நுண்புள்ளிகள் வந்தால், இலைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து இலையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசி நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் சிலந்திப்பேன். நுண்ணிய நூலாம்படையும் இருக்கும். சிலந்திப்பேன் பூச்சி இனமே அல்ல. பூச்சி மருந்து அடித்தால் அதைத் தின்னும் நல்ல உயிர்கள் செத்து, சிலந்திப்பேன் முன்னை விடப் பெருகுவதுண்டு. விடியற்காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, இரண்டு வாரம். பெரும்பாலான வீடுகளில் இதுவே போதுமானது.

நான் தவறியதையும் சொல்ல வேண்டும். ஒருவர் அனுப்பிய ஒற்றைப் படத்தைப் பார்த்து இலைக்கருகல் என்று சொல்லிவிட்டேன். அடி இலைகளைக் கிள்ளச் சொன்னேன். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது நெஞ்சு பதறியது. நுனி இலைகள் தாமிர நிறத்தில் வெந்துபோய், குருத்து கருகி, காய்களில் மஞ்சள் வளையங்கள். இலைப்பேன் (த்ரிப்ஸ்) என்ற சிறு பூச்சி பரப்பும் புள்ளி வாடல் வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. முதல் செடியை அன்றே பிடுங்கியிருந்தால் மற்றவை பிழைத்திருக்கலாம். அவர் எட்டுச் செடியையும் இழந்தார். நுனியின் படத்தைக் கேட்காமல் வாய் திறந்தது என் பிழை. அன்றிலிருந்து ஒற்றைப் படத்துக்கு நான் பதில் சொல்வதில்லை.

பூஞ்சைப் புள்ளி என்று உறுதியானால் முதல் வேலை கத்தரிக்கோலுக்குத்தான். மண்ணைத் தொடும் இலைகளையும் புள்ளி விழுந்த அடி இலைகளையும் காய்ந்த வேளையில் வெட்டி, குப்பையோடு வெளியே அனுப்புங்கள். வீட்டு உரத் தொட்டியில் போடாதீர்கள். நோய்க் கிருமி சாகும் அளவுக்கு அது சூடாவதில்லை. தண்ணீரைக் காலையில், வேரில் ஊற்றுங்கள். மண்ணின் மேல் காய்ந்த சருகு பரப்புங்கள். தக்காளி இருந்த பையில் அடுத்து கத்திரியோ மிளகாயோ வேண்டாம், கீரையோ அவரையோ போடுங்கள். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியை விதை நேர்த்திக்கும் மண்ணுக்கும் தொடக்கத்திலேயே கொடுத்தால் நன்மை உண்டு. நோய் முற்றிய பிறகு அதை அற்புத மருந்தாக எண்ண வேண்டாம்.

விழுந்த புள்ளி மறையாது. இதைப் பலரும் அறியாததால்தான் மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி மறுபடி மறுபடி அடிக்கிறார்கள். பழைய இலையைப் பார்க்காதீர்கள், புதிதாக விரியும் இலை சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியும் மருந்து வாங்கத்தான் வேண்டும் என்றால், காகிதத்தில் மடித்துத் தரும் உதிரிப் பொடியைத் தொடாதீர்கள். டப்பாவில் முக்கோணம் இருக்கும். சிவப்பு கொடிய நஞ்சு, அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பும் மஞ்சளும் வீட்டு மாடிக்கு வரவே கூடாது. தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதையும் அதே டப்பாவில் படித்துவிட்டு முடிவெடுங்கள். தினமும் பறித்துச் சமைக்கும் செடிக்கு அந்த நாள் கணக்கு ஒத்துவராது என்பது அப்போது புரியும்.

எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் ஐந்து படம் அனுப்புங்கள்: முழுச் செடி, நுனி, அடி இலை, புள்ளியுள்ள இலையின் மேல்பக்கம், அதே இலையின் அடிப்பக்கம். கூடவே கடைசியாக எதை, எந்த நேரத்தில் தெளித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.