அடைக்கோழி பாதியில் எழுந்தால் கூடையைத் தட்டிப் பாருங்கள்

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் மாட்டுக்கு வைத்தியம் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது அந்த வீட்டம்மா சொன்னார்: "சார், பன்னெண்டு முட்டை வெச்சேன். பதினேழாம் நாளு அடைய வுட்டு எந்திரிச்சிடுச்சி. ராசியில்லாத கோழி, அறுத்துடலாம்னு இருக்கேன்."

கூடையைக் காட்டச் சொன்னேன். கேழ்வரகு மூட்டைகளுக்குப் பின்னால் இருட்டு மூலையில் இருந்தது. உள்ளே போன அடைக்குப் போட்ட அதே வைக்கோல். முட்டைகளை எடுத்துவிட்டு, ஒரு வெள்ளைத் துண்டின் மேல் கூடையைத் தட்டினேன். மிளகுத்தூள் மாதிரி விழுந்தது. விழுந்த தூள் நகர்ந்தது. நசுக்கினால் துண்டில் ரத்தக் கோடு.

செள்ளு, கோழி ரத்தத்தைக் குடிக்கும் பொடிப் பூச்சி. நல்ல வெக்கையில் ஏழு முதல் பத்து நாளில் ஒரு தலைமுறை பெருகிவிடும். அடையோ 21 நாள். அதற்குள் இரண்டு, மூன்று தலைமுறை. மேய்கிற கோழி புழுதியில் புரண்டு உடம்பைச் சுத்தம் செய்துகொள்ளும். அடைக்கோழி ஒரு வாய் இரைக்கு எழுந்து வருவதோடு சரி. இரவு பகலாக ரத்தத்தைக் கொடுத்துக்கொண்டு அத்தனை நாள் உட்கார்ந்திருந்ததே பெரிது. அதன் கொண்டை வெளிறிக் கிடந்தது.

பலரும் கோழிக்கு மட்டும் மருந்து பார்க்கிறார்கள். செள்ளில் ஒரு வகை பகலில் கோழி மேலேயே இருக்காது. கூடை இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருந்து இரவில் ஏறும். தீனியில்லாமல் பல மாதம் தாங்கும். கல் சுவர் இடுக்கில் பதுங்கும் உண்ணியும் அப்படித்தான். அது கடித்துப் பரப்பும் காய்ச்சலில் கோழி பச்சையாகக் கழியும். மருந்தில்லாத வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட் நோய்) என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், இதற்கு மருந்து உண்டு. உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கி வாருங்கள். பேன் அப்படியில்லை, கோழி உடம்பிலேயே குடியிருக்கும். ஆசனவாய்ப் பக்கம் இறகை விலக்கினால் தெரியும். இறகடியில் ஈர் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும்.

அன்று வைக்கோலை எரித்தோம். கூடையில் கொதிநீர் ஊற்றி வெயிலில் போட்டோம். ஆறிய அடுப்புச் சாம்பலோடு வசம்புத் தூள் கலந்து, கண்ணிலும் மூக்கிலும் படாமல், இறக்கைக்கு அடியிலும் வால் அடியிலும் தேய்த்தோம். மூலையை மாற்றி, வேறு கூடையில் மணலும் புது வைக்கோலும் போட்டு, பொழுது சாய்ந்ததும் கோழியை முட்டை மேல் வைத்தோம். உட்கார்ந்துகொண்டது. சாம்பல் தேய்ப்பதைப் பத்து நாள் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும். முதல் முறை தப்பிய பூச்சி முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். சுவர் வெடிப்பைச் சேறு பூசி அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள்.

மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தின் மிச்சத்தில் கோழியை முக்கி எடுக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். அளவு தப்பினால் கோழி சாகும், முட்டையிலும் மருந்து இறங்கும். நம் கரட்டில் விளையும் சீத்தாப்பழத்தின் விதையை அரைத்துப் பூசுவதும் உண்டு. பேன் சாகும்தான். ஆனால் கண்ணில் பட்டால் புண்ணாகும். கோழிக்கும் சரி, பூசுகிறவர் கண்ணுக்கும் சரி.

அந்தக் கூடையில் ஏழு குஞ்சு பொரித்தது. குஞ்சுகளின் கண்ணோரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். தெள்ளு (இது செள்ளு இல்லை, வேறு பூச்சி) அங்கேதான் கறுப்பாக அப்பிக்கொள்ளும். கண் மூடிப்போன குஞ்சுக்கு இரை தெரியாது.