ரெமெடியேஷன்: நீக்கமா, சீராக்கமா?

காரீயம், காட்மியம் போன்ற உலோகங்கள் கலந்து கெட்டுப்போன மண்ணைச் சரிசெய்யும் வேலைக்கு ரெமெடியேஷன் என்று பெயர். தமிழில் இதைப் பெரும்பாலும் ‘மாசு நீக்கம்’ என்று எழுதிவிடுகிறோம். எண்ணெய் கசிந்த மண் என்றால் சரி, நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துத் தீர்த்துவிடும். காரீயமோ ஒரு தனிமம். எரித்தாலும் மக்கவைத்தாலும் காரீயம் காரீயம்தான். அங்கே ‘நீக்கம்’ என்ற சொல் சரியாகப் பொருந்தாது.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘மெடேரி’ என்றால் குணப்படுத்துதல். மெடிசின் பிறந்ததும் அங்கேதான். அதனோடு ‘ரெ’ முன்னொட்டு சேர்ந்து, மருந்து என்ற பொருளில் ‘ரெமெடியம்’ வந்தது. பின்தங்கிய மாணவர்களுக்கு நடத்தும் ரெமெடியல் வகுப்பும் இதே குடும்பம்தான். மூலத்தில் நீக்குவது என்ற பொருளே இல்லை. காய்ச்சல் விட்டு உடம்பு சீரானது என்கிறோமே, அந்தச் ‘சீர்’ இங்கே நன்றாகப் பொருந்துகிறது. ஆகவே ‘மண் சீராக்கம்’ என்பதே என் தேர்வு. ‘மீட்பு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதை ரிக்ளமேஷனுக்கு, அதாவது பாழான நிலத்தை மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் வேலைக்கு, விட்டுவைப்பது நல்லது.

கழிவுப் பொருள்களைக் கொண்டு மண்ணைச் சீராக்கும் முறைக்கு வந்தால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். முட்டை ஓடு, காகித ஆலைச் சேறு, எஃகு ஆலைக் கசடு ஆகியவற்றில் சுண்ணாம்புச் சத்து அதிகம். இவற்றைக் கலந்தால் மண்ணின் அமிலத்தன்மை குறையும். காட்மியமும் துத்தநாகமும் நீரில் கரைவது குறைந்து மண்துகள்களோடு ஒட்டிக்கொள்ளும். பாக்சைட் என்ற தாதுவிலிருந்து அலுமினியத்துக்கான அலுமினாவை எடுத்தபின் மிஞ்சும் சிவப்புச் சேற்றில் இரும்பு ஆக்சைடு நிறைய உண்டு, அதுவும் உலோகங்களைப் பற்றிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்த உதாரணம் மீன் முள். அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில், காரீயம் கலந்த குடியிருப்பு மண்ணில் 2011-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அரைத்த மீன் எலும்பைக் கலந்தது. எலும்பிலுள்ள கால்சியம் பாஸ்பேட் காரீயத்தோடு சேர்ந்து பைரோமார்ஃபைட் என்ற கனிமமாகிறது. விளையாடும் குழந்தை அந்த மண்ணை வாயில் போட்டாலும் வயிற்றில் அது எளிதில் கரையாது. காரீயம் அங்கேயேதான் இருக்கிறது, உடம்புக்குள் ஏறுவதுதான் குறைகிறது. இந்த வழிக்கு இம்மொபிலைசேஷன் என்று பெயர். தமிழில் ‘உலோக முடக்கம்’ என்றால் போதும். ‘நிலைப்படுத்தல்’ என்பதும் புழங்குகிறது, ஆனால் எதை நிலைப்படுத்துகிறோம் என்பது அதில் விளங்கவில்லை.

முடக்கம் நிரந்தரம் அல்ல. காலப்போக்கில் மண் மறுபடி அமிலமானால் கட்டுண்ட உலோகம் கழன்றுவரும், திரும்பவும் சுண்ணாம்பு போட வேண்டியிருக்கும். ஆர்சனிக் விஷயத்தில் மருந்தே தலைகீழாகும்: பாஸ்பேட் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆர்சனிக்கை வெளியே தள்ளிவிடும். அப்புறம், நிலக்கரிச் சாம்பல் போன்ற கழிவுகளிலேயே ஆர்சனிக் இருக்கலாம் என்பதால் கலக்கும் பொருளையும் முதலில் சோதிக்க வேண்டும்.

ஆய்வக அறிக்கையைப் படிக்கும்போதும் நீக்கம் வேறு, முடக்கம் வேறு என்ற தெளிவு உதவும். முடக்கம் செய்த மண்ணில் மொத்தக் காரீய அளவு ஏறத்தாழ முன்பிருந்தபடியே காட்டும். பார்க்க வேண்டியது, கரைந்து வெளியேறக்கூடிய காரீயம் எவ்வளவு என்று சொல்லும் அளவை.