கவிழச் சொல்லி ஒரு வரிகூட எழுதவில்லை

அக்கா மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் பெங்களூரு அல்சூர் வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து படகு கட்ட உட்கார்ந்துவிடுவாள். பலகைகளை ஒட்டி, பாய்மரம் நட்டு, பெட்டிகளை ஏற்றி, எதிர்க்கரைக்கு ஓட்டிச் சேர்க்க வேண்டும். அதுதான் விளையாட்டு. போன வாரம் அவள் கட்டியது மூன்று அடுக்குப் படகு. மேலடுக்கில் பீரங்கிகள், உச்சியில் கொடி. தண்ணீரில் இறக்கியதும் கொஞ்சம் நின்றது. காற்று பட்டதும் ஒருக்களித்துச் சாய்ந்து தலைகீழாகிவிட்டது.

"மாமா, கம்ப்யூட்டர் வேணும்னே கவுக்குது" என்றாள், கண் கலங்க.

அவளுக்குச் சரியான பதில் சொல்ல ஆசைப்பட்டேன். ஏனென்றால் இப்படிப்பட்ட விளையாட்டுகளில் 'படகைக் கவிழ்த்து' என்று யாரும் ஒரு வரிகூட எழுதி வைப்பதில்லை. இவற்றில் எனக்குப் பிடித்த அதிசயமே அதுதான்.

கணினிக்குப் படகு என்றால் என்னவென்று தெரியாது. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது, அதன் எடை என்ன என்பது மட்டும் தெரியும். படகின் உடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 50, 60 தடவை ஒவ்வொரு கட்டத்தையும் சோதிப்பது பரவலான ஒரு முறை. நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா? இருந்தால், அது எவ்வளவு தண்ணீரை ஒதுக்கித் தள்ளியிருக்கிறதோ அந்தத் தண்ணீரின் எடைக்குச் சமமான விசையை மேல்நோக்கிக் கொடு. இல்லையா, விட்டுவிடு. பள்ளிப் பாடத்தில் வரும் ஆர்க்கிமிடீஸ் விதிதான், கட்டம் கட்டமாக.

2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் உள்ள ஒரு பெட்டிப் படகை எடுத்துக்கொள்வோம். சுமையோடு சேர்த்து 400 கிலோ. ஒரு கன மீட்டர் நல்ல தண்ணீர் 1000 கிலோ. ஆகவே படகு 20 சென்டிமீட்டர் அமிழ்ந்ததும் மேல்விசையும் எடையும் சமமாகிவிடும், படகு நிற்கும். கடல்நீர் இன்னும் கனமானது என்பதால் அங்கே அரை சென்டிமீட்டர் குறைவாக அமிழும்.

உண்மையில் அது உடனே நிற்காது. கொஞ்சம் அதிகமாக அமிழ்ந்து, எழும்பி, மறுபடி அமிழும். நிஜ ஏரியில் தண்ணீரின் இழுவை அந்த ஆட்டத்தை அடக்கிவிடும். நிரல் எழுதுபவர் இழுவையைச் சேர்க்க மறந்தால் படகு ஆடிக்கொண்டே இருக்கும். நொடிக்கு 60 தடவை செய்ய வேண்டிய கணக்கை 5 தடவை மட்டும் செய்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு முறை கணக்கிட்ட மேல்விசை அடுத்த கணக்கு வரும்வரை தள்ளிக்கொண்டே இருப்பதால், கனமில்லாத படகு தண்ணீரைவிட்டு ஆகாயத்துக்கே எகிறிவிடும்.

சரி, அந்த மூன்று அடுக்குப் படகு ஏன் கவிழ்ந்தது? எடை முழுவதும் ஒரு புள்ளி வழியாகக் கீழே இழுப்பதாகக் கொள்ளலாம். தண்ணீரின் தாங்கல் முழுவதும் இன்னொரு புள்ளி வழியாக மேலே தள்ளுகிறது. படகு இடப்பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் அதிகமாக அமிழும், தாங்கும் புள்ளியும் இடப்பக்கம் நகரும். அங்கிருந்து மேலே தள்ளிப் படகை நிமிர்த்தும். ஆனால் பீரங்கிகள் உயரத்தில் இருந்தால், சாயும்போது எடைப் புள்ளியும் இடப்பக்கம் போகும். தாங்கும் புள்ளியைத் தாண்டி அது வெளியே போய்விட்டால், நிமிர்த்த வேண்டிய அதே மேல்விசை படகைப் புரட்டிவிடும்.

நிஜத்திலும் இது நடந்திருக்கிறது. ஸ்வீடன் அரசர் கட்டச் சொன்ன வாசா என்ற போர்க்கப்பலில் 64 பீரங்கிகள். புறப்படும் முன் 30 பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தில் பயந்து சோதனையையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் பயணத்தை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் சுமார் 1300 மீட்டர்தான் போனது. காற்று ஒரு வீச்சு வீச, சாய்ந்த பக்கத்துப் பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கியது. எவ்வளவு சாய்ந்தால் நிமிரும் என்று கணக்குப் போடும் முறை அப்போது கிடையாது. அதைத் தெளிவாக எழுதியவர் பிரான்சின் பியர் பூகேர், வருடம் 1746. பூமியின் வடிவத்தை அளக்க ஆண்டீஸ் மலைக்குப் போயிருந்த காலத்தில்தான் அவர் கப்பல் கணக்கிலும் மூழ்கியிருந்தார்.

அந்தக் கணக்கில் ஒரு செய்தி குழந்தைகளுக்குக் கட்டாயம் போய்ச் சேர வேண்டும். எடையையும் நீளத்தையும் மாற்றாமல் அகலத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால், படகின் வடிவம் தரும் நிமிர்த்தும் வலு எட்டு மடங்காகிறது. தனிக்கட்டை உருளும். பல கட்டைகளைப் பக்கம் பக்கமாகக் கட்டினால் உருளாது. நம் கட்டுமரம் சொல்வதும் இதையே.

பாய்க்கு வருவோம். காற்று பின்னாலிருந்து தள்ளுவது எல்லோருக்கும் புரியும். காற்று வரும் திசையை நோக்கியே சரிவாகப் போக முடிகிறதே, அதுதான் புதிர். பாய் காற்றைத் திருப்பிவிடும்போது படகுக்குக் கிடைக்கும் தள்ளு பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கும், கொஞ்சம்தான் முன்னோக்கி. நீருக்குள் செங்குத்தாக இறக்கிய பலகையோ, படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவோ அந்தப் பக்கவாட்டுத் தள்ளலைத் தடுத்துவிடுகிறது. மிச்சமிருப்பது முன்னோக்கிப் போவது மட்டும். வழவழப்பான பலாக்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் பிதுங்கி ஓடுமே, அதுபோல. காற்றுக்கு ஏறத்தாழ 45 பாகைக்குள் நெருங்க முடியாது. ஆகவே எதிர்காற்றில் வலமும் இடமுமாக மாறி மாறித்தான் ஏற வேண்டும். நேர் தூரம் 1 கிலோமீட்டர் என்றால் சுமார் 1.4 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும்.

விளையாட்டில் பொய்யே இல்லை என்று சொல்லமாட்டேன். பல விளையாட்டுகளில் அலை என்பது சீராக ஏறி இறங்கும் சில சைன் வளைவுகளின் கூட்டல்தான். அலை படகை ஆட்டும், படகு அலையை அசைக்காது. நிஜத் தண்ணீரை முழுதாகக் கணக்கிட வீட்டு லேப்டாப்பால் ஆகாது. ஆனாலும் மிதப்பும் கவிழ்வும் பொய்யில்லை.

அதை அவளுக்குக் காட்ட பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் பிடித்தோம். ஒரு தெர்மாகோல் துண்டு, ஊதுபத்திக் குச்சியில் காகிதப் பாய், எதிரே டேபிள் ஃபேன். குச்சியின் உச்சியில் ஐந்து ரூபாய்க் காசை ஒட்டினாள், கவிழ்ந்தது. அதே காசை அடியில் ஒட்டினாள், சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. நான் எதுவும் சொல்லும் முன்பே லேப்டாப்புக்கு ஓடிப் பீரங்கிகளைக் கீழடுக்குக்கு இறக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அல்சூர் ஏரிக்கரைக்குப் போனோம். ராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படகுப் பயிற்சி செய்கிற ஏரி அது. ஒரு சின்னப் பாய்ப்படகு காற்றில் நன்றாகச் சாய்ந்து வந்தது. ஓட்டியவர் கால்களை உள்ளே மாட்டிக்கொண்டு, உடம்பை எதிர்ப்பக்கம் வெளியே தொங்கவிட்டிருந்தார். படகு மெல்ல நிமிர்ந்தது.

"மாமா, அவர் தன்னையே காசா ஒட்டிக்கிட்டாரு" என்றாள்.