உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள் இருக்க வேண்டும்?

மாநிலம் முழுக்கக் கூட்டிக் கழித்து, "25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர்" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் சராசரியைப் பேசவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் விகிதம் சரியாக இருக்க வேண்டும் என்கிறது அதன் 25ஆவது பிரிவு.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கணக்கு இப்படி: 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. பிள்ளைகள் 150ஐத் தாண்டினால் தலைமை ஆசிரியர் தனியாக உண்டு. 200க்கு மேல் போனால், அவரைச் சேர்க்காமலே, 40 பேருக்கு ஒருவருக்குக் குறையக் கூடாது.

இதில் ஒரு சிக்கல். 60 பேருக்கு 2 ஆசிரியர் என்றால் விகிதம் 30தான், காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் வகுப்புகள் ஐந்து! ஒருவர் மூன்று வகுப்பை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்த வேண்டும். ஈராசிரியர் பள்ளிகளின் நிலை இதுதான், சட்டப்படி இதில் தவறும் இல்லை. அதில் ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போய்விட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர். கூடவே அறிவியல்-கணிதத்துக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் கட்டாயம். எட்டாம் வகுப்புக்கு மேல் இந்தச் சட்டம் எட்டாது. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வொரு பள்ளியிலும் 30க்குள் என்கிறது, ஆனால் அது கொள்கை, சட்டமல்ல.

தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1ஆம் தேதி வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயிப்பார்கள். மிகுதியானவர் உபரி, பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். அதனால் 60க்கும் 61க்கும் உள்ள வித்தியாசம் ஒரு பிள்ளை மட்டுமல்ல, ஓர் ஆசிரியர்.

உங்கள் பள்ளிக்கென நியமித்தவரை மாற்றுப்பணி என்று வேறு பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ அனுப்பி, விகிதத்தைக் குலைக்கவும் அதே 25ஆவது பிரிவு தடை போடுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மட்டும் விலக்கு. காலிப் பணியிடங்களும் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

ஆள் குறைந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் எத்தனை ஆசிரியர் தேவை என்ற கணக்கு இருந்தாக வேண்டும். தீர்மானத்தின் நகலை வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.